தணல் ராணியின் மூன்றாவது படம்

என் செல்லச் சிட்டுவுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. நீ படப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாய், இன்னும் மூன்றாவது படம்தான் பாக்கி என்று கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சீட்டாட்டத்தில் வரும் தணல் ராணியைப் பிடித்துப்போய் நீயாக வரைந்த படத்தை, ஜெயித்தால் அந்த ஆட்டத்தை நடத்துகிற கம்பெனியே நிஜமான சீட்டாக அச்சடிக்கும் என்றால் சும்மாவா? எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன். ரம்மியா என்று கேட்டார். இது வேற, இதுல மந்திரவாதி ராட்சசன் எல்லாம் வருவாங்க, உலகம் பூரா விளையாடுறாங்க என்று நான்தான் விளக்கினேன். கம்ப்யூட்டரில் பேனா வைத்து எப்படி வரைய முடியும் என்று அடுத்த கேள்வி. என் மகள் வரைவாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த டீச்சர் தன் மகளைப் பார்க்க உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அக்கா இப்போது ஆபீசுக்குப் போவதில்லை. நாள் முழுக்க வீட்டில்தான். என் போனும் அவளிடம்தான் இருக்கிறது. அவள் விஷயமாகத்தான் எழுதுகிறேன், பயப்படாதே.

முதல் இரண்டு படங்களுக்கு அவள் முகத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலை வெயில் வரும்போது ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டும். தழும்பின் மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்று நீ சொன்னதால் ஒரு கையில் எவர்சில்வர் தட்டைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பி, மறு கையால் எடுக்க வேண்டும். டாக்டர் கேட்டாரு, ஆபரேஷனுக்கு முன்னாடி தோல் எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம் என்று சொல்லி வைத்திருந்தேன். பாவம், நம்பிவிட்டாள். முகம் கழுவி, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, காதோரம் நல்லாத் தெரியுதாம்மா என்று அவளே திருப்பித் திருப்பிக் காட்டுவாள். டாக்டர் என்ன சொன்னாரு என்று ஆசையாகக் கேட்பாள். ரொம்பத் திருப்தின்னு சொன்னாரு என்பேன். எனக்கு வாய்க்குள்ளேயே சிரிப்பு வரும். நீ சொன்னபடி அனுப்பியதும் போனில் இருந்து அழித்துவிடுவேன்.

படத்தைப் பார்த்து ஜனங்கள் எழுதியதை நீ படித்துக் காட்டியபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? தீக்காயத்தை இத்தனை தத்ரூபமாக யாரும் வரைந்ததில்லையாம். ராணியின் இடது கண்ணில் விழாமல் நிற்கிற ஒரு சொட்டு நீரைப் பார்த்து அழுதேன் என்று எத்தனை பேர் எழுதியிருந்தார்கள்! உன் அக்காவுக்கு அந்த இமை சரியாக மூடாது, தூங்கும்போதும் தண்ணீர் வடியும் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் என் கற்பனைதான் என்று நீ பதில் போட்டது கெட்டிக்காரத்தனம்.

ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டதை நினைத்து நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. மூணு படமும் முடியுற வரைக்கும் அந்த முகம் அப்படியே இருக்கட்டும்மா என்று நீ கேட்டாய், நான் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அவளுக்குக் காய்ச்சல் என்றேன். அவளிடம் டாக்டர் ஊரில் இல்லை என்றேன். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தோடு இருக்கிறவள், இன்னும் சில மாதம் இருந்தால் குடியா முழுகிவிடும்? பார்க்கிற வேலையும் போனில் புகார் கேட்கிற வேலை. அதற்குக் குரல் போதும். அன்றைக்கு அவள் உன்னைப் பிடித்துத் தள்ளியிருக்காவிட்டால் அந்தக் கொதிக்கிற எண்ணெய் உன் முகத்தில்தான் கொட்டியிருக்கும். கடவுள் உன் பக்கம் இருந்தார்.

ஆனால் போதாத காலம், அவள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பக்கத்து இருக்கை. இந்தச் சீட்டாட்டப் பைத்தியம். தன் கம்ப்யூட்டர் திரை முழுக்க உன் ராணியை வைத்திருக்கிறாள். நீ கிரீடம் வைத்தாய், முடியை நெருப்பாக்கினாய், எல்லாம் சரி. பாதி இல்லாத காது மடலையும் புருவத்து இடைவெளியையும் இம்மி பிசகாமல் போட்டுவிட்டாயே, அதைக் கொஞ்சம் மாற்றியிருக்கக் கூடாதா? அந்தப் பெண் திரையைப் பார்த்து, இவளைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்துவிட்டு, உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமாக்கா என்று கேட்டாளாம். எடுத்துக்கோம்மா என்று இவளும் நின்றிருக்கிறாள்.

டாக்டருக்கு அனுப்பிய முகம் எப்படிப் படமானது என்று கேட்க, அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பழைய டாக்டர் வேலையை விட்டே போய்விட்டாராம். புதியவர் பார்த்துவிட்டு, இமை மூடாம காய்ஞ்சு காய்ஞ்சு கருவிழி புண்ணாயிடுச்சும்மா, முதல்ல குடுத்த தேதியிலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம், இனிமே தோலைச் சரிபண்ணினாலும் அந்தக் கண்ணுல பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ், உங்கம்மாதானே ரெண்டு தடவையும் போன் பண்ணி வேண்டாம்னாங்க என்று போட்டு உடைத்துவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை. நான்தான் சத்தம் போட்டேன். தங்கச்சி முன்னுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலையா என்று கேட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டு, என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவளே முகம் கழுவி, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். தட்டை எடுத்துட்டு வாம்மா, மூணாவது படம் பாக்கியிருக்கே என்றாள். தட்டை எடுத்து வந்து பிடித்தேன். நேராப் பிடி, வெளிச்சம் ஆடுது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். எடுத்து முடித்ததும் போனை வாங்கி உனக்கு அனுப்பியவளும் அவள்தான். ஐயோ சூப்பர்மா, இதுதான் வேணும், அக்காகிட்ட என்ன சொல்லி ஏமாத்தினே என்று உடனே நீ பதில் போட்டாய். அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

நல்ல படம்தான், ஒப்புக்கொள்கிறேன். நிமிர்ந்து நேராகப் பார்க்கிற முகம் வேண்டும் என்று நீ கேட்டபடியே அமைந்திருக்கிறது. அதை வைத்து வரைந்தால் பரிசு உனக்குத்தான். ஆனால் அம்மா ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. கம்ப்யூட்டரில் வரைவதில் மூக்கு தனி, கண் தனி என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றை எடுத்தால் இன்னொன்று கெடாது என்று சொல்வாயே. கண்களை மட்டும் எடுத்துவிடு. வரைந்து முடித்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துவிட்டு வேறு யார் கண்ணையாவது போடு. அவள் அன்றைக்குப் போனைப் பார்க்கவில்லை, சிட்டு. அதற்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தாள். அதே பார்வை சீட்டாக அச்சாகி வீட்டுக்கு வீடு போக வேண்டாம். நீ ஆசையாக ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் அதைக் கையில் வாங்க வேண்டுமே.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். வேளைக்குச் சாப்பிடு. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, கண்ணைப் பார்த்துக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா