ஒரு வரியில் கிடந்தவர்

தை 9, வெள்ளி. பெரம்பலூர்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைத் தங்கை செல்வி இன்று மத்தியானம் படித்துவிட்டாள். போன வருஷம் எறையூர் சாலையில் கரும்பு டிராக்டர் மோதி அவள் புருஷன் செத்துப்போனாரே, அந்தக் கதை.

டிராக்டர் ஓட்டியவனை வெறும் கொலைகாரனாக எழுதக் கூடாது என்று மாதக்கணக்கில் மெனக்கெட்டேன். காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையை அவனுக்குக் கொடுத்தேன். படிக்கிறவர்கள் அவனுக்காகவும் அழ வேண்டும் என்று நினைத்தேன்.

செல்வி அழவில்லை. தாள்களை அடுக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

"அவன் புள்ளைக்குக் காய்ச்சல்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. எங்க வூட்டுக்காரருக்கு என்னக்கா எழுதியிருக்க?"

அவருக்கு ஒரே ஒரு வரிதான். ரோட்டோரம் கிடந்தார் என்று.

அவரையும் நன்றாக எழுதிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். நீ எழுதுனா எல்லாருக்கும் புடிச்ச ஆளா ஆயிடுவாரு. அவரு அப்படி இல்ல. கொழம்புல உப்பு கம்மின்னா தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. அந்த ஆளுதாங்க்கா எனக்கு வேணும்."

சொல்லிவிட்டுக் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவிடும் அந்த மனுஷனை எழுதிப் பார்த்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வாக்கியத்தில் அவர் திரும்பி வந்து செல்வியிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.