ஸ்கீக்குச் சொன்ன வயது

நவம்பர் 8, சனி
காலையிலிருந்தே தூறல். எங்கள் கிங்ஸ்பரி வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், உள்ளரங்குப் பனிச்சரிவுக்கு. பெப்ரவரியில் மகள் ஆரணி எங்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போகிறாள். அதற்குள் இவருக்குச் சொந்த ஸ்கீ, அந்தப் பனிச்சறுக்குப் பலகை, வேண்டுமாம்! அங்குள்ள கடைப்பிள்ளை கெட்டிக்காரி. போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றாள்.

படிவம். எடை, உயரம், வயது. அதைப் பார்த்துத்தான் சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டை முறுக்குவார்களாம். விழுந்தால் பூட்டுத் தானாகக் கழன்று காலைக் காப்பாற்றும். என் எடையில் ஆறு கிலோ குறைத்தேன். இவர் எழுதியது 47. பாஸ்போர்ட் வயது. இந்த நாட்டுக்கு வரும்போது, அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் ஆறு வருஷம் குறைத்துப் போட்டது. முப்பது வருஷமாக எல்லாப் படிவத்திலும் அதுதான்.

நீல ஸ்கீ. விழுந்தார். பூட்டுக் கழலவில்லை. வலது முழங்கால் திருகிவிட்டது, ஒப்பரேஷன் செய்த கால். "ஒண்டுமில்லையப்பா" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு
முழங்காலுக்கு உறைந்த பட்டாணிப் பை. வாங்க: பால், முருங்கைக்காய், பட்டாணி (அதை இனிச் சமைக்க ஏலாது).

கடையில் தந்த தாளை இப்போதுதான் வாசித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் என்றால் பூட்டைத் தளர்த்த வேண்டுமாம். இவர் எழுதியதோ 47.

"இஞ்சாருங்கோ, அடுத்த முறை உண்மை வயசை எழுதுங்கோ."

"உமக்கென்ன விசரே? ஆரும் பிடிச்சா?"

"ஸ்கீக் கடையில ஆர் பிடிக்கிறது?"

நகரக் கவுன்சில் கடிதம் வந்தாலே இன்னும் என்னைப் பிரிக்கச் சொல்லும் மனுஷன். பாவமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். பொய் வயதோடு ஸ்கீயில் ஏறினால் நான் மலைக்கு வரமாட்டேன்.

நவம்பர் 15, சனி
வெயில், அதிசயம்! கால் வீக்கம் இல்லை. சிவப்பு ஸ்கீ. படிவத்தோடு வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை. எழுதினார், 53. கடைப்பிள்ளை பார்த்தாள். "அவ்வளவு தெரியவில்லையே" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பூட்டைத் தளர்த்தினாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"இனி நீரும் சரியா எழுதும்" என்றார் என்னிடம். உண்மை எடையை எழுதினேன். பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை. நல்ல மனுஷன்.

இரண்டாம் இறக்கத்தில் விழுந்தார். ஓடினேன், சப்பாத்து வழுக்க வழுக்க. ஸ்கீ ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மல்லாந்து கிடந்து சிரிக்கிறார்.

"கழண்டிட்டுது! பாத்தனீரே? கழண்டிட்டுது!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிவப்பையே வாங்கினோம்.

காரில் மெதுவாக, "வாற வியாழன் என்ர பிறந்தநாள்."

தெரியும். சாதகத்தில் பார்த்த தேதி. கேக் மட்டும் வருஷாவருஷம் ஜனவரி ஒன்றில், பாஸ்போர்ட்படி.

நவம்பர் 20, வியாழன்
கடுங்குளிர். வேலை முடிந்து கேக் கடைக்கு, இவரும் கூட. கடை நிறையத் தமிழ்ச் சனம். கேக்கில் என்ன இலக்கம் போட என்று கேட்டார்கள். நான் வாய் திறக்க முன்னம் இவர் முன்னுக்குப் போனார்.

"அம்பத்தி நாலு" என்றார், கடை முழுக்கக் கேட்க.