வடகம் காயாத மொட்டைமாடி

கும்மிடிப்பூண்டி
19.4.2009

அன்பு மருமகள் ரமீஸாவுக்கு மாமா அப்துல் வஹாப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நியாஸும் சுகம். கீழக்கரையில் உம்மா வீட்டில் நீயும் பேத்தி நௌஷீனும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. பேத்திக்குப் பல் முளைக்கிறதாமே, நியாஸ் சொன்னான். ஐந்து மாதத்தில் பல்லா? கெட்டிக்காரி, என் பக்கம்தான்.

போனிலேயே பேசலாம். ஆனால் போனில் நீ "சரி மாமா" என்பதோடு நிறுத்திக்கொள்வாய். அதனால்தான் கடிதம்.

பிரசவத்துக்குப் போகும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மேல்மாடி வீடு பகலில் அடுப்பு, ராத்திரியில் தணல், பச்சைப் பிள்ளையோடு இங்கே வரமாட்டேன் என்றாய். நியாயம்தான். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியைக் கேட்டு வாங்கியவன் நான். தலைக்கு மேல் யாரும் நடமாட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன், சூரியனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நியாஸ் பொன்னேரியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நானும் போய்ப் பார்த்தேன். நல்ல வீடுதான். ஒரே படுக்கையறை. உங்கள் மூவருக்கும் போதும்.

இனி செய்திக்கு வருகிறேன். டைல்ஸ் கடைக்காரர்கள் உடைசலைக் கொண்டுவந்து, எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்று நம் காயலான் கடை வாசலில் கெஞ்சுவார்களே, இரும்பு தவிர வேறு வேண்டாம் என்று விரட்டுவேனே. இந்த முறை வாங்கிக்கொண்டேன். வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி, பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வரவழைத்து, கொத்தனார் சாலமோனை வைத்து மொட்டைமாடி முழுக்கப் பதித்துவிட்டேன். வெள்ளைத்தரை வெயிலை வந்த வழியே அனுப்பிவிடுகிறது. படிக்கட்டு ஜன்னல்களில் யாரோ அடித்து வைத்திருந்த தகரத்தையும் பிடுங்கினேன். இப்போது காற்று கீழேயிருந்து தானே ஏறி வருகிறது. கரண்ட் போனால்கூட யாரும் விசிறியைத் தேடுவதில்லை. வாரியத்தில் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வருவதற்குள் பேத்தி பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கீழ்வீட்டுக் கெங்கம்மாள் வடகம் போட்டு கம்பெனி கேன்டீன்களுக்கு விற்கிறாள் அல்லவா, அவள் படியேறி வந்து சண்டை பிடித்தாள். "இன்னா பாய், மாடியில இன்னாத்த பதிச்சி வச்சிகிற? ஒரே நாள்ல காயுற வடகம் இப்போ ஈரமாவே கீது. கேன்டீன்காரன் ஃபோன் போட்டு கத்திக்கினு கீறான்." வெயிலிடம் போய்க் கேள் என்று நானும் வாய்க்கொழுப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் நேரே வாரியத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டாள்.

பொறியாளர் வந்தார். சின்ன வயசுக்காரர். அனுமதியில்லாமல் செய்த வேலை, பெயர்த்து எடுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கெங்கம்மாள் முந்திக்கொண்டாள். "சார், நீயே ஷூவ கயட்டிட்டு நின்னு பாரு. உச்சி வெயில்ல காலு சுடுதா? இதுல எப்டி சார் வடகம் காயும்?"

அவர் கழற்றினார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஒட்டியிருக்கும் அடுத்த பிளாக் மாடியில் கால் வைத்தவர், துள்ளித் திரும்பி வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. மாடி குளிர்ச்சியாக இருக்கிறது என்று நீங்களே சொன்னால் அது வியாபாரி பேச்சு, குளிர்கிறதே என்று ஒருத்தி புகார் கொடுத்தால் அதற்கு மேல் சாட்சி ஏது என்றார். தளம் எடை தாங்குமா என்று பார்த்துவிட்டு, தாங்கும் என்று எழுதிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது. மற்ற மூன்று பிளாக்குக்கும் இப்படியே பதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உடைசல் நம் கடையிலிருந்துதான். லாபம் உண்டா என்று கேட்டால், உண்டு. உன்னிடம் மறைப்பானேன்.

கெங்கம்மாளை விட்டுவிடவில்லை. ஜன்னலில் பிடுங்கிய தகரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, நாலு கால் வைத்துக் கொடுத்தேன். அதில் வடகம் மத்தியானத்துக்குள் முறுகிவிடுகிறது. இப்போது பார்க்கும்போதெல்லாம் "பாய், இன்னொரு தகரம் குடு" என்கிறாள். உனக்கென்று ஒரு டப்பா வடகம் கொடுத்திருக்கிறாள். அடுக்களையில் மேல்தட்டில் இருக்கிறது, நாங்கள் தொடவில்லை.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு ஹாலில் சும்மா சாய்ந்தேன். உன் மாமி மௌத்தான பிறகு பகலில் நான் தூங்கியதே இல்லை. லாரிக்காரன் வந்து கதவை இடித்த பிறகுதான் விழித்தேன். நியாஸும் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் மத்தியானம் வரை புரளாமல் தூங்குகிறான். பொன்னேரிப் பேச்சை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பதிலை நீதான் சொல்ல வேண்டும். நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

ஹால் நடுவில் தூளிக்குக் கொக்கி அடித்துவிட்டேன். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சேலைதான் இல்லை. கடையில் புதிதாக வாங்கலாம், ஆனால் கஞ்சி போட்ட துணி பிள்ளைக்கு உறுத்தும். நீ உடுத்தி நைந்த சேலையாக ஒன்று வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம் அம்மா.

உம்மா வாப்பாவுக்கு என் சலாம். பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் வை. அல்லாஹ் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

துஆவுடன்,
மாமா அப்துல் வஹாப்