நீ மெதுவாகச் சாப்பிட்டபோது

இன்று காலையில் வீட்டில் புது அரிசி வடித்தார்கள். தூயமல்லி. சாணமும் எருவும் தின்று வளர்ந்த நெல். கஞ்சி வாசனை வாசல்வரைக்கும் வந்தது. உனக்கு போன் போட்டுச் சொல்லக் கை போனது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நாம் மில்லில் தறி ஓட்டிய காலத்தில் சோற்றுக்கு உட்காரவும் சைரன், எழுந்திருக்கவும் சைரன். அந்த இரண்டுக்கும் நடுவில் பாதியிலேயே உன் தூக்குச்சட்டி காலியாகிவிடும். சைரன் என்றதும் மில் கேட்டில் கிடந்த செவலை நாய் ஞாபகத்துக்கு வருகிறது. சோற்றுச் சைரன் கேட்டால்தான் நம் பக்கம் வரும். ஒரு நாள் சைரன் ரிப்பேர். நாம் சாப்பிடுவதைப் பார்த்தும் அது அசையவில்லை. "நம்மளவிட ஒழுங்கா வேல பாக்குதுடா" என்று புரையேறச் சிரித்தாய். பேச்சு எங்கேயோ போய்விட்டது.

மில்லை மூடினார்கள். நீ டவுனிலேயே உப்பளம் ஏரியாவில் ஒரு குடோனுக்குக் காவலுக்குப் போனாய். நான் ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன நிலத்தில் மருந்தடிக்காமல் காய் போட்டு, டவுனில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்றேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில்தான் சாப்பாடு. காய் என்னுடையது, கைப்பக்குவம் உன் பெண்டாட்டியுடையது. மில் போன பிறகும் நீ அள்ளி அள்ளித்தான் போட்டுக்கொண்டாய்.

"மென்னு தின்னுடா. இனிமே எவனும் ஊதப் போறதில்ல."

"உள்ள போயி மென்னுக்கும். நீ உன் எலையப் பாரு."

போன வருஷம் தையில் நீ மாறினாய். சின்னச் சின்னக் கவளம். சோற்றைக் கூழாகப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாய். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. என் கத்திரிக்காயின் ருசி இத்தனை வருஷம் கழித்து உனக்குப் பிடிபட்டது என்று நினைத்தேன். காய் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்: "எங்கூட மில்லுல இருந்தவன், அஞ்சு நிமிசத்துல முடிப்பான். இப்ப ஒரு மணி நேரம் ருசிச்சி சாப்புட்றான்."

உன் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம். "அண்ணே, இவரு எளச்சிக்கினே போறாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவலாமா?"

"நீ வேற தங்கச்சி. நல்ல சாப்பாடு, மெதுவா சாப்புட்றான், ஊளச்சத கரையுது. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?"

நீ இலையைப் பார்த்துச் சிரித்தாய். அந்தப் பேச்சு அதோடு நின்றது. நின்றதா, நான்தான் நிறுத்தினேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உணவுக்குழாயில் புற்று என்றார்கள். டாக்டர் கேட்டார்: "எத்தன மாசமா முழுங்க கஷ்டம்?"

நீ என்னைத்தான் பார்த்தாய். "இப்பதான் சார். ஒரு ரெண்டு வாரமா."

டாக்டர் நம்பவில்லை. உன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, அவள் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்புறம் வயிற்றில் குழாய் வைத்தார்கள். ஒரு நாள் உன் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

காற்றுப் போலத்தான் குரல் வந்தது. "நீ அவ்ளோ சந்தோசமா இருந்தியேடா."

ஆவணியில் போய்விட்டாய்.

இன்றும் அதே இடத்தில்தான் கடை போடுகிறேன். மருந்தில்லாத காய்தான். மென்று சாப்பிடுங்கள் என்று இன்றும் சொல்கிறேன், அதில் தப்பில்லை. போன வாரம் வழக்கமாக வரும் பெண் ஒருத்தி, "நீங்க சொன்ன மாரியே எங்க மாமனாரு இப்ப நிதானமா சாப்புட்றாருங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். தராசைக் கீழே வைத்தேன்.

"முழுங்க முடியுதான்னு கேட்டியாம்மா?"

"இன்னாங்க, இப்டி கேக்குறீங்க?" என்று சிரித்தாள்.

"போன் போடு. இப்பவே கேளு."

அவள் கேட்டு முடிக்கும்வரை, பின்னால் நின்றவர்களுக்கு நான் காய் நிறுக்கவில்லை.