எடுத்துவிட்ட அத்தியாயம்

கூரியர் உறையைப் பிரித்ததும் புது அச்சின் வாசனை. உன் நாவல் மறுபதிப்பு வருகிறது. பிழை பார்க்க நீ இல்லாததால் உன் தங்கை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதில் இல்லாத ஓர் அத்தியாயம், உன் கையெழுத்தில், பத்தொன்பது வருடமாக என் பீரோவில் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் காலை பஸ்ஸில்தான் நீ எழுத எழுத எனக்குப் படித்துக் காட்டினாய். பிள்ளையைச் சேர்க்க அப்பா அம்மாவுக்குப் பரீட்சை வைக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. வரப்பில் நின்று மாட்டிடம் 'குட் மார்னிங் மிஸ்' சொல்லிப் பழகும் விவசாயி. நான் அதிகம் சிரிப்பவள் இல்லை. கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

பதினோராம் அத்தியாயம் வரை. அதில் என் மகளின் நேர்காணல் இருந்தது. அன்று தொண்டூரிலிருந்து வந்திருந்த நைனா, என் அப்பா, பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நுழைந்தார். "இவர் யார்?" என்றார் தலைமையாசிரியை. நான் நைனாவின் மண்படிந்த காலைப் பார்த்தேன். "எங்க ஊர்க்காரர்" என்றேன். நைனா தயங்கவேயில்லை. "ஆமாங்க மேடம், பாப்பாவத் தூக்கிக்கினு வந்தேன்."

உன் ஒருத்தியிடம்தான் அதைச் சொல்லியிருந்தேன்.

"இத எடுத்துடு" என்றேன்.

"சிரிப்பு வந்துச்சா இல்லியா, அத்தச் சொல்லுடி."

"வந்துச்சு."

"ஊரையெல்லாம் கிண்டல் பண்ணிட்டு, எம்.ஏ. படிச்ச நம்மள மட்டும் உட்டுட்டா அது இன்னாடி நாவல்?"

சொன்னாயே தவிர, அங்கேயே தாள்களை உருவி என் மடியில் வைத்துவிட்டாய். நாவலைப் பலர் பாராட்டினார்கள். அதில் பணக்காரர்களும் படிக்காதவர்களும் மாட்டிக்கொண்டார்கள், நம்மைப் போன்றவர்கள் தப்பித்துக்கொண்டோம். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

இனி நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அது என் கதை மட்டும் இல்லையே. மறுநாள் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் காது மந்தம். நான் செய்ததை நானே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது.

நைனா சிரித்தார். "அந்தப் பொண்ணு கரெக்டா எழுதியிருக்குது. ஆனா வெளிய போவும்போது உன்னையும் பாத்து 'வரேங்கம்மா'ன்னு கும்புட்டனே, அத்த உட்டுட்டாளே?"

அதை உன்னிடம்கூட நான் சொல்லவில்லை.

"புக்ல போட்டுடட்டுமா நைனா?"

"போடேன். எனக்கு இன்னா?"

அத்தியாயத்தை அதன் இடத்தில் சேர்த்து அனுப்பிவிட்டேன், நீ எழுதியபடியே. அனுப்புமுன் நைனா சொன்ன வரியை எழுதிச் சேர்க்கப் பேனாவை எடுத்தேன். நீயாக இருந்தால் எழுதியிருப்பாய். நான் மூடி வைத்துவிட்டேன். அந்தக் கும்பிடு இன்னும் என்னிடமே இருக்கிறது.