பாதியில் நிற்கும் ரோபோ

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்.

கிரிவலக் கூட்டம் என்று மூன்று நாள் லாட்ஜ் வேலையிலேயே கிடந்துவிட்டு இன்று மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தேன். மகள் இனியா கையில் புது பொம்மை. அவள் மாமா வாங்கிக் கொடுத்தாராம். நெஞ்சை ஒரு அழுத்து அழுத்தினால் ரோபோ காராகிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. இரண்டு காலும் உள்ளே வெறும் கூடு.

"குழந்தைங்களுக்கு ஈஸியா இருக்கணும்னு சொல்லியே குவாலிட்டியைக் கம்மி பண்ணிட்டானுங்க. உங்கண்ணன் கண்ணுல இதான் பட்டுச்சா?" என்று சுமதியிடம் கத்தினேன். "பொறந்த நாளுக்கு நான் வாங்கினது இருக்கே, அதை வெச்சு விளையாடினா என்னவாம்?"

அது பிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதற்கு விரல்கூட மடங்கும். லாரியாக மாற்ற முப்பது மடிப்பு. அன்றைக்கு லாட்ஜிலிருந்து போன் வந்ததும் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். அப்படியே நிற்கிறது. மேலே ரோபோ, இடுப்புக்குக் கீழே லாரி.

இனியா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அது நீ இருந்தாதான்ப்பா மாறும். இதை நானே மாத்திடுவேன்."

சுமதி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தக் கார் மட்டமான சரக்குதான். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இனியா தூங்கியதும் பிரிட்ஜ் மேலிருந்த பெரியதை இறக்கினேன். காலையில் அவள் கண் விழிக்கும்போது முழு லாரியாக நிற்க வேண்டும் என்று வீம்பு. ஒரு மணி நேரமாகிறது. அடுத்து எதை மடக்குவதென்று எனக்கே தெரியவில்லை.