பசிக்கும் சாவுக்கும் ஒரே சொல்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மில்துரித் பணிந்து எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். என்னைப் பிடித்துவந்த டேனியரின் பாசறையில் ரொட்டி சுடுவது மட்டும்தான் என் வேலை. வயிறாரச் சாப்பிடுகிறேன்.

ஒரு செய்தி, பதற வேண்டாம். போரில் பிடிபட்ட அண்ணன் கூதாவும் இங்கேதான் இருந்தான், வயிற்றில் ஈட்டிக் காயத்தோடு. செவ்வாயன்று "ஸ்வெல்ட், ஸ்வெல்ட்" என்று முனகினான். நம் ஆங்கிலப் பேச்சில் அது சாவு. டேனியர் பேச்சில் பசி. காவல்காரன் டோக்கி சிரித்துக்கொண்டே வந்து, என் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான்.

"ஈட்டி குத்தியும் உங்கண்ணனுக்குப் பசி அடங்கலையே, ரொட்டிக்காரி!"

ஆண்கள் முன்னால் வாய் திறக்காத நான் கத்திவிட்டேன். "பசி இல்லைங்க. சாகறேன்னு சொல்றான். என்னை அவன்கிட்ட விடுங்க."

டோக்கியின் சிரிப்பு நின்றது. "போ, புள்ள" என்று வழிவிட்டான்.

அண்ணன் என் மடியில்தான் போனான். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்து மிச்ச மாவையும் சுட்டேன்.

புதைக்கும்போது டோக்கி அந்த ரொட்டியை அண்ணன் கையருகே வைத்தான். செத்தவருக்கு உணவு வைப்பது அவர்கள் மத வழக்கம். நான் தடுக்கவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும் பாதிரியார் கோபிக்க வேண்டாம்.

என் கம்பளிக் காலுறையும் ஒரு சீப்பும் அனுப்புங்கள். கடிதம் கொண்டுவரும் உப்பு வியாபாரி படகில் ஏறிவிட்டார். அடுத்த முறை வந்தால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது.

மில்துரித்